எங்க நிக்கிறன், எப்பிடித் திரும்பிப் போறது?

இணையத்தளங்களில வழிகாட்டுற அமைப்பைப் பற்றி இண்டைக்குக் கொஞ்சம் எழுதுவம். மெனு, தேடல் பெட்டி, திரும்பிப் போற இணைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அது. இதெல்லாம் கணினி படிச்ச பெடியளின்ர கவலை எண்டு நினைக்காதேங்கோ. பிரித்தானியாவில எங்கட வதிவிட அட்டைகளில அநேகமானவை 2024 டிசம்பர் 31ஓட காலாவதியாகி, இப்ப எல்லாம் மின்விசா. வீடு வாடகைக்கு எடுக்கவும் வேலைக்குப் போகவும் தளத்துக்குள்ள போய் 9 எழுத்து இலக்கக் குறியீடு ஒண்டை எடுத்துக் குடுக்கவேணும். அதுவும் 90 நாளைக்குத்தான் செல்லும். வழி தெரியாட்டில் கையில உரிமை இருந்தும் காட்ட ஏலாது.

ஒரு தளம் நல்லதோ எண்டு பாக்க எனக்கு மூண்டு கேள்வி போதும். நான் இப்ப எங்க நிக்கிறன்? இங்கயிருந்து எங்க போகலாம்? வந்த வழியால எப்பிடித் திரும்புறது? ஜேக்கப் நீல்சன் மாதிரி ஆக்கள் 1990களிலேயே இப்பிடியான கேள்விகளைக் கேக்கத் தொடங்கிட்டினம். தெரியாத ஊரில பஸ்ஸால இறங்கின ஒவ்வொருத்தரும் கேக்கிற கேள்வியும் இதுதானே.

முதல்ல கெட்ட உதாரணம். வந்த புதிசில ஒரு அலுவலகத்தின்ர தளத்தில விலாசம் மாத்தவேண்டி வந்தது. பேர் வேண்டாம். மெனுவில இருந்ததெல்லாம் அவையின்ர பிரிவுகளின்ர பேர்தான். 'விலாசம் மாறிட்டுது' எண்டு வாற ஆளுக்கு எந்தப் பிரிவு அதைச் செய்யுது எண்டு எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு கதவாத் தட்டித் தட்டி ரெண்டு பின்னேரம் போச்சு. அதுக்குள்ள ஒரு முக்கியமான கடிதம் பழைய வீட்டுக்குப் போட்டுது. பழைய வீட்டுக்காரர் நல்ல மனிசன், கொண்டுவந்து தந்தார். எல்லாருக்கும் அப்பிடி ஒரு மனிசன் கிடைக்குமோ?

இப்ப கவ்.யூகே தளத்தைப் பாருங்கோ. டைரக்ட்கவ் எண்ட பழைய தளத்துக்குப் பதிலா 2012 ஒக்ரோபரில வந்தது. 2013இல லண்டன் டிசைன் மியூசியத்தின்ர அந்த வருசத்துக்கான விருதும் அதுக்குத்தான். படமும் இல்லை, பகட்டும் இல்லை. பிறகு ஏன் விருது? அமைச்சின்ர பேரைக் கேக்காமல் உங்கட அலுவலைக் கேக்குது. வாகனம் ஓட்டுறது, வரி, விசா எண்டு சனம் கதைக்கிற சொல்லிலதான் வழி. விண்ணப்பங்களில அநேகமா ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்விதான். ஆங்கிலம் அரைகுறையா விளங்குற ஆளுக்கு இது பெரிய உதவி. குறை என்னெண்டால், வேல்ஸ் மொழியை விட்டால் மற்ற மொழிகளில கிடைக்கிறது மிச்சம் குறைவு. வழி நேர்தான், ஆனால் பலகை எல்லாம் ஆங்கிலம்.

மொழிக்கு விக்கிப்பீடியாவிட்டைப் போகவேணும். முந்தி மற்ற மொழிகளின்ர பட்டியல் இடப்பக்கம் கீழ கிடந்தது. 2023 ஜனவரியில ஆங்கில விக்கிப்பீடியாவுக்குப் புதுத் தோற்றம் குடுத்தபோது அதைத் தலைப்புக்குப் பக்கத்தில மேல கொண்டுவந்தினம். உள்ளடக்கப் பட்டியலும் பக்கத்தோட கூடவே வருது, அதால எந்தப் பகுதியில நிக்கிறம் எண்டது தெரியும். அதைவிட எனக்குப் பிடிச்சது, தமிழ் எண்டதைத் தமிழ் எழுத்திலயே எழுதியிருக்கிறது. ஆங்கில எழுத்தில எழுதி வைச்சால், அதை வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் தமிழ்ப் பக்கம் கிடைக்கும். அவருக்கு அது தேவையே இல்லை!

இன்னும் சில தளங்களில மொழிக்குக் கொடி போடுகினம். தமிழுக்கு எந்தக் கொடி? இந்தியக் கொடியோ, இலங்கைக் கொடியோ, சிங்கப்பூர்க் கொடியோ? கொடி நாட்டுக்குரியது, மொழிக்குரியது இல்லை. ஒரு நாட்டை விட்டு ஓடி வந்தவனை, அவன்ர மொழியை வாசிக்கிறதுக்கு அந்த நாட்டுக் கொடியை அமத்து எண்டு சொல்லுறது என்ன நியாயம்?

எங்கட ஆக்கள் செய்ததில நூலகம் தளத்தைச் சொல்லாமல் விடேலாது. 2005இல தொடங்கினது. நூல், இதழ், பத்திரிகை, நினைவு மலர் எண்டு வகையாலயும் போகலாம், எழுத்தாளராலயும் போகலாம், வெளியான ஆண்டாலயும் போகலாம். ஒரு பக்கத்தைப் போய்ச்சேர ஒண்டுக்கு மேற்பட்ட வழி இருக்கவேணும் எண்டது இணைய அணுக்கத்துக்கான சர்வதேச விதிகளிலயும் 2008இல இருந்து இருக்கிற விசயம். பாக்க அழகான தளம் எண்டு சொல்லமாட்டன். ஆனால் 1981இல எரிஞ்ச யாழ்ப்பாண நூலகத்தை நினைச்சுக்கொண்டு வாற ஆளுக்கு, தலைப்பு மறந்து எழுதினவரின்ர பேர் மட்டும் ஞாபகம் இருந்தாலும் புத்தகம் கைக்கு வரும். வழிகாட்டல் எண்டால் அதுதான்.

இதோட எங்கட சங்கங்கள், கோயில்கள், பழைய மாணவர் அமைப்புகளின்ர தளங்களையும் ஒருக்காப் பாருங்கோ. தலைவரின்ர படம் முன்னுக்கு, பூசை நேரம் நாலாவது பக்கத்தில. கைபேசியில பாத்தால் எல்லாமே மூண்டு கோட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அந்தக் கோட்டை 1981இல ஸெரொக்ஸ் ஸ்டார் கணினிக்கு வரைஞ்சவர் நோர்ம் கொக்ஸ். எங்கட அம்மாமாருக்கு அது மெனு எண்டு ஆர் சொல்லிக் குடுத்தது? பக்கத்தில 'பட்டியல்' எண்டு ஒரு சொல் போட்டால் என்ன குறைஞ்சுபோகும்?

தளம் செய்யிற பெடியளிட்ட ஒண்டே ஒண்டு கேக்கிறன். வெளியிட முதல், கணினி தெரியாத ஒரு வயசான ஆளைப் பக்கத்தில இருத்தி, ஒரு அலுவலைச் சொல்லித் தேடச் சொல்லுங்கோ. நீங்கள் வாய் திறக்காதேங்கோ, விரலை நீட்டிக் காட்டாதேங்கோ. அவ எங்க தடக்குப்படுறாவோ, அங்கதான் திருத்தவேணும்.