லினியோன் நதிக்கரைச் சிற்றூர்

பிரான்சு தேசம் என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது பாரிஸ் மாநகரும் ஈபெல் கோபுரமுமே. உற்றார் உறவினரைக் காண அங்கு செல்வோர், லா சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி, கோபுரத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். சென்ற கோடையில் எமது தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாமும் அவ்வாறே திரும்பியிருப்போம். "மாமா, நடப்பதென்றால் உங்களுக்கு விருப்பந்தானே? மலைநாட்டுக்கு வாருங்கோ, நல்லதோர் ஊர் காட்டுகிறேன்" என்று தங்கையின் மகன் விடாப்பிடியாக அழைத்துச் சென்றதால், வாழ்நாளில் மறக்கவொண்ணாத மூன்று நாட்கள் எமக்குக் கிடைத்தன.

அவ்வூரின் பெயர் லெ ஷம்போன். லினியோன் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்திருப்பதால் அதன் பெயரையும் சேர்த்தே வழங்குவர். பிரான்சின் தென்மத்திய பகுதியிலே, ஓத் லுவார் மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரமான மேட்டுநிலத்தில் அது இருக்கின்றது. உயரத்தில் நமது நுவரெலியாவிற் பாதியளவே எனினும், மாரிகாலத்தில் வெண்பனி மூடிவிடும். 'பூர்ல்' என்று அம்மக்கள் அழைக்கும் வாடைக்காற்று, பனியை வாரியிறைத்துப் பாதைகளை மறைத்துவிடுமாம். அக்காற்றுக்கு அஞ்சியே போலும், பண்ணை வீடுகளைத் தடித்த கருங்கற் சுவர்களுடன் கட்டி, கூரைக்கும் ஓட்டுக்குப் பதிலாகக் கற்பலகைகளை வேய்ந்திருக்கின்றனர். நாம் சென்றதோ ஆகஸ்ட் மாதம். புல்வெளிகளிற் பசுக்கள் மேய, தேவதாரு மரங்களின் நறுமணம் காற்றிற் கலந்து வந்தது.

நடைப்பயணிகளுக்கு அந்நாட்டினர் செய்து வைத்துள்ள வசதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. மரங்களிலும் பாறைகளிலும் வர்ணக் கோடுகள் தீட்டியிருக்கின்றனர். வெள்ளையும் சிவப்புமான இரு கோடுகள் நெடுந்தூரப் பாதையைக் குறிக்கும். மஞ்சட் கோடு, சில மணி நேரத்திற் சுற்றிவரக்கூடிய சிறு பாதையைக் குறிக்கும். கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நின்றால் அது தவறான வழி. 1947ஆம் ஆண்டில் லுவார் நதிக்கரையில் தொடங்கிய இந்த ஏற்பாடு, இன்று அத்தேசம் முழுவதும் பரவியிருக்கின்றது. பாஷை தெரியாதவனும் கோட்டை நம்பி நடக்கலாம்.

முதல் நாள் மோட்டார் வண்டியில் தெற்கே சென்று மெசென் மலையில் ஏறினோம். பழைய எரிமலைகளின் எச்சமான அம்மலையின் உச்சி 1,753 மீற்றர் உயரமுடையது. கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறினால் ஒரு மணி நேர நடைதான். வானம் தெளிந்திருக்கும் நாளில் கிழக்கே அல்ப்ஸ் மலைத்தொடரையே காணலாம் என்பர். எமக்கு மேகக்கூட்டமே தரிசனம் தந்தது. அங்கிருந்து ஜெர்பியே த ஜோங் என்னும் குன்றுக்குச் சென்றோம். நெற்போரைப் போலக் கூம்பி நிற்கும் அதன் அடியில், ஒரு சிறு நீரோட்டமாகப் பிறக்கின்றது லுவார் நதி. ஒரு சிறுவன் தாண்டிவிடக்கூடிய அந்நீர், 1,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, பிரான்சின் மிக நீண்ட நதியாகி அத்திலாந்திக் சமுத்திரத்திற் கலக்கின்றது. இம்மலைகளின் ஒரு பக்கத்தில் விழும் மழை அத்திலாந்திக்கை நோக்கியும், மறு பக்கத்தில் விழும் மழை மத்தியதரைக் கடலை நோக்கியும் செல்கின்றது. கைக்குட்டையளவு நிலத்தில் விழுந்த இரு துளிகள் இரு வேறு கடல்களைச் சேர்வதை எண்ணி வியந்தவாறு திரும்பினோம்.

இரண்டாம் நாள்தான் எமக்குச் சோதனை நாளாயிற்று. ஊரைச் சுற்றியுள்ள காட்டில் மஞ்சட் கோட்டைத் தொடர்ந்து நடந்தோம். பாதையோரத்தில் நாவற்பழ நிறத்திற் சிறு பழங்கள் காய்த்துக் குலுங்கின. அவற்றைப் பறித்துத் தின்னும் ஆசையில் கோட்டைத் தவறவிட்டோம். சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மரங்களுக்கிடையே இருளும் சூழ்ந்தது. ஒன்றரை மணி நேரம் அலைந்த பின் ஒரு பண்ணை வீடு தென்பட்டது. மருமகன் கதவைத் தட்டினான்.

எண்பது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் கதவைத் திறந்தார். நனைந்த இரு அந்நியர், அதுவும் நிறத்தாலும் தோற்றத்தாலும் வேறுபட்டவர்கள், வாசலில் நிற்கக் கண்டும் அவர் முகத்தில் ஐயத்தின் சாயலே இல்லை. 'யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள்' என்ற கேள்வியும் இல்லை. சப்பாத்துகளைக் கழற்றச் சொல்லி அடுப்பண்டை வைத்தார். சூடான சூப்பும் ரொட்டியும் தந்தார். நாம் உண்டு முடித்த பின்னரே எந்த நாடு என்று விசாரித்தார். பணம் கொடுக்க முற்பட்ட மருமகனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வழியைக் காட்டி அனுப்பினார்.

அந்த உபசாரத்தின் வேர் எங்கே இருக்கின்றது என்பதை மூன்றாம் நாள் அறிந்தோம். ஊரின் நடுவே புரட்டஸ்தாந்தரின் எளிமையான கல் ஆலயம் ஒன்று உள்ளது. அதற்கு எதிரே 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவுக் காட்சிச்சாலையில் இவ்வூரின் வரலாற்றைக் காணலாம்.

கத்தோலிக்கர் நிறைந்த பிரான்சிலே இம்மேட்டுநில மக்களிற் பலர் புரட்டஸ்தாந்தர். 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் அவர்களது வழிபாட்டைத் தடை செய்தபின், ஒரு நூற்றாண்டு காலம் காடுகளிலும் மலை மடிப்புகளிலும் ஒளிந்து வழிபட்டவர்கள் அவர்களின் முன்னோர். துரத்தப்படுவோரின் துயரம் அவர்களுக்குப் பாட்டன் சொல்லிய கதை.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் பிரான்சு ஜேர்மனியிடம் வீழ்ந்தது. 1942ஆம் ஆண்டுக் கோடையில் யூதரைப் பிடித்து வதைமுகாம்களுக்கு அனுப்பும் கொடுமை உக்கிரமடைந்தது. அப்போது இவ்வூர்ப் போதகர்களான ஆந்திரே திரொக்மேயும் எதுவார் தெய்சும், ஏதிலிகளுக்குக் கதவு திறப்பதே கடமை என்று போதித்தனர். ஊரவர் அவ்வாறே செய்தனர். அயற்கிராமத்தவரும் கத்தோலிக்கர் சிலரும் துணை நின்றனர். பிள்ளைகளை விடுதிகளிலும் பண்ணை வீடுகளிலும் தங்கவைத்துப் பள்ளிக்கு அனுப்பினர். இருபது வயதும் நிரம்பாத ஓர் இளைஞன் நூற்றுக்கணக்கானோருக்குப் போலி அடையாளப் பத்திரங்கள் செய்து கொடுத்தான். பொலிசார் வருகின்றனர் என்ற செய்தி எட்டியதும் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பிவிடுவர். ஆபத்து நீங்கியதும் ஊரார் காட்டோரத்தில் நின்று ஒரு பாட்டுப் பாடுவர். அதைக் கேட்டுப் பிள்ளைகள் வெளியே வருவர் என்று சொல்லப்படுகின்றது.

விலை கொடாமல் இது நடக்கவில்லை. போதகர்கள் இருவரும் 1943ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சிறைப்பட்டுச் சில வாரங்களின் பின் விடுதலையாயினர். அவ்வாண்டு ஜூனில் மாணவர் விடுதி ஒன்று முற்றுகையிடப்பட்டபோது, அதன் பொறுப்பாளரும் போதகரின் உறவினருமான தானியேல் திரொக்மே மாணவர்களுடன் பிடிபட்டு, மறு ஆண்டு மைதானெக் முகாமில் மாண்டார். யுத்தம் முடிவதற்குள் இம்மேட்டுநிலத்திற் புகலிடம் பெற்றோர் ஆயிரக்கணக்கானோர். 1990ஆம் ஆண்டில் ஜெருசலேமின் யாத் வாஷேம் நிறுவனம், தனிமனிதருக்கு வழங்கும் கௌரவத்தை இவ்வூருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் ஒருசேர வழங்கியது.

மாலையில் மீண்டும் அக்காட்டின் ஓரமாக நடந்தோம். முதல் நாள் பழம் பறித்த அதே மரநிழல். எமது நெஞ்சம் மட்டும் அங்கு இல்லை. நாவற்குழிப் பாலத்தில் நின்றது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. மழையிலே, சனநெரிசலிலே, வயோதிபத் தாயைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு, மறு நாள் மாலை மீசாலையை அடைந்தோம். அறிமுகமற்ற ஒரு வீட்டுப் படலையடியில் தாயார் சோர்ந்து சாய்ந்தபோது, உள்ளேயிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார். "முதலில் தண்ணீர் குடியுங்கோ, பிறகு கதைக்கலாம்" என்றார். அவ்வீட்டு விறாந்தையில் சித்திரை வரை இருந்தோம். ஊர் திரும்பியபின் ஒரு முறையேனும் அவர்களைப் போய்ப் பார்த்தோமா? இல்லை. நாளை, மறு நாள் என்று தள்ளிப் போட்டே ஆண்டுகள் கழிந்தன. வெட்கத்துடனேயே இதை எழுதுகிறோம்.

எரிக் ஷ்வாம் என்ற யூதச் சிறுவனும் 1943ஆம் ஆண்டில் லெ ஷம்போனில் அடைக்கலம் பெற்றவர். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் 90ஆவது வயதிற் காலமானபோது, ஏறத்தாழ 20 இலட்சம் யூரோவை அவ்வூருக்கே எழுதி வைத்திருந்தார். எழுபத்தேழு ஆண்டுகள் சென்றும் அவர் மறக்கவில்லை.

ஊர் திரும்பிய வாரமே மீசாலைக்குச் சென்றோம். 2000ஆம் ஆண்டுப் போரில் அந்தப் பழைய வீடு இடிந்துபோயிற்று. அதே வளவில் ஒரு சிறு வீடு நின்றது. அம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் மகன் எம்மை உற்று நோக்கிவிட்டு, "குறை நினையாதேயுங்கோ, அப்போது எத்தனையோ பேர் வந்திருந்தவை, முகம் ஞாபகமில்லை" என்றார். பின்னர் உள்ளே திரும்பி, தேநீர் வைக்கச் சொன்னார்.