555 புக்கு

ஒரு பாக்கெட் சூப்பர் ரிங் இரண்டு வெள்ளிகூட இல்லை. அதை ஈப்போவுக்கு அனுப்ப எட்டு வெள்ளி. எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்? குருபோங்கில் எங்கள் தாமான் வீட்டு ஹாலில் ஆன்லைன் கடை தொடங்கி நான்கு மாதத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

அப்புறம்தான் தனித்தனியாக விற்பதை நிறுத்திவிட்டுக் கட்டாக விற்றேன். சூப்பர் ரிங், மாமீ (இரண்டுமே மலாக்காவில் பிறந்தவை, மாமீ கம்பெனி 1971இல் இங்கேதான் தொடங்கியது), ஹேக்ஸ் மிட்டாய், தலையில் கலர் சீனி வைத்த குட்டி பிஸ்கட், பூப்போட்ட இனாமல் கோப்பை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு 555 நோட்டுப் புக்கு. பெயர் 'தோட்டத்து டப்பா'. விலை 39.90. நாற்பது வெள்ளிக்கு வாங்கினால் அஞ்சல் இலவசம் என்று போட்டேன். அந்தப் பத்து காசுக்காக எல்லாரும் இன்னொரு மிட்டாய் பாக்கெட் சேர்த்தார்கள். பன்னிரண்டு வெள்ளியில் கிடந்த சராசரி ஆர்டர் நாற்பத்தாறுக்கு ஏறியது.

இதற்கு ஆய்வே இருக்கிறது. லசலெட்டா, செடிக்கிடிஸ், வோஸ் மூவரும் 2014இல் எழுதிய கட்டுரை: பழைய நினைவு கிளம்பும்போது காசின் மேல் இருக்கும் பிடி தளர்கிறது, ஆட்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராகிறார்கள். படித்த அன்று எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் கூச்சமும்.

டப்பா கட்ட அம்மா உதவுவார். முதல் நாள் 555 புக்கைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"இத எதுக்குடா வைக்கிற?"

"ஞாபகத்துக்கும்மா. ஆளுங்க ஆசப்படுறாங்க."

"கடன் புக்குக்கா?"

தோட்டத்துக் கடையில் அரிசி, கருவாடு, பால் டின் எல்லாம் அந்தப் புக்கில்தான் ஏறும். சம்பளத்தன்று கழியும். கழிந்த மாதிரி தெரியும். அரிசிக்கு மட்டும் போனாலும், "பிள்ளைங்களுக்குப் பிஸ்கட் எடுத்துக்க, எழுதிக்கிறேன்" என்பாராம் கடைக்காரர். கையில் காசு மாறாததால் வாங்குவது வலிக்காது. நான் வெப்சைட்டில் படித்துக் கற்ற வித்தையை அவர் பென்சிலை வைத்துக்கொண்டே செய்திருக்கிறார்.

தாத்தா செத்துப் பதினாறாம் நாள் முடியும் முன்னே புக்கு வீட்டுக்கு வந்ததாம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அம்மாதான் கூட்டிப் பார்த்தார். அப்போது பதினாலு வயது. அடுத்த மாசம் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. அம்மா பாட்டியோடு இருட்டில் பெரட்டுக்குப் போனார்.

இதை எனக்கு முப்பது வருடமாகச் சொன்னதில்லை. மாமீயை ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு வாரம் புக்கு இல்லாமல் அனுப்பிப் பார்த்தேன். "555 எங்கே அண்ணா?" என்று ஏழு பேர் கேட்டார்கள். பாதிப் பேருக்கு என்னைவிட வயது குறைவு. தோட்டத்தை அவர்கள் கண்டிருக்கவே முடியாது. இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்.

இப்போதும் அம்மாதான் டப்பா கட்டுகிறார். கோப்பையைப் பேப்பரில் சுற்றி, பிஸ்கட் நொறுங்காமல் ஓரம் பார்த்து வைப்பார். மூடியை மட்டும் ஒட்டமாட்டார். பத்து மணிக்கு அவர் படுத்த பிறகு நான் ஒவ்வொன்றிலும் ஒரு புக்கைப் போட்டு ஒட்டுகிறேன்.