தங்கச்சிக்கு, மனை விஷயமாக

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. மாப்பிள்ளை அனுப்பிய லேஅவுட் படம் வந்தது. அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று போனில் சொன்னேன். ஏன் என்று விளக்குவதற்குள் அவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

காகிதத்தில் குறை இல்லை. டிடிசிபி அப்ரூவல் இருக்கிறது, ரெரா நம்பர் இருக்கிறது. 2016-இல் ஐகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்ட பிறகு வியாபாரிகளும் பழகிக்கொண்டார்கள். ரோட்டு அகலம், பூங்காவுக்கு விட்ட இடம் எல்லாம் அளவாகத்தான் இருக்கின்றன. என் பயமெல்லாம் அந்த மனைக்கல்லுக்கு வெளியே.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆர்ச் கட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, ஜோராகத்தான் இருக்கிறது. மேல்வயலிலிருந்து வரும் வாய்க்காலை அவர்களுடைய தார் ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள். ஒரு முழ அகலம்கூட இல்லாத குழாய். அதன் வாயில் பாலித்தீன் பையும் பிராந்தி பாட்டிலும் அடைத்துக் கிடக்கின்றன. கீழ்வயல்காரர் இந்தப் போகம் நடவே இல்லை. தண்ணி ஏறாத வயலை அவர் எத்தனை நாளைக்குக் கட்டிக்கொண்டு அழுவார்? அடுத்த கல் அங்கேதான் விழும். ஐப்பசி மழை வெளுத்து வாங்கினால் அதே குழாயில் தண்ணி எதிர்த்து ஏறும். படத்தில் மாப்பிள்ளை வட்டம் போட்ட மனைதான் அங்கே பள்ளம்.

லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் என்று ஒவ்வொரு ஜூனிலும் பேப்பரில் படிக்கிறோமே, அதன் கடைசி முனைதான் இது. பெரியாற்றுத் தண்ணி இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நடந்து வந்து சேருகிற கடைமடை. தேனி டவுன் வயலுக்குள் கால் வைக்கிற இடமும் இதுதான். 1996-இல் மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்தே இந்தப் பக்கம் விலை ஏறுகிறது. 2022-இல் மதுரை ரயில் திரும்ப வந்ததும் புரோக்கர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஊர் வளரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும்தானே. ஆனால் அப்ரூவல் ஒவ்வொரு லேஅவுட்டாகப் பார்த்துக் கொடுப்பது. இரண்டு லேஅவுட்டுக்கு நடுவில் ஓடுகிற வாய்க்காலை யார் பார்ப்பது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகராட்சி, இந்தப் பக்கம் பேரூராட்சி, தாண்டினால் ஊராட்சி. தண்ணிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டு, எது வயல், எது வீடு, எங்கே சாக்கடை என்று முன்கூட்டியே கோடு கிழிக்க 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே மாஸ்டர் பிளானுக்கு வழி இருக்கிறது. அகமதாபாத்தில் பக்கத்துப் பக்கத்து நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பொதுவுக்கும் முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சொந்தக்காரர்களுக்கே மனையாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அங்கேயும் தகராறு உண்டு. ஆனால் ரோடு முதலில், வீடு அப்புறம். இங்கே தலைகீழ்.

மாப்பிள்ளைக்குச் சொந்த இடம்தான் வேண்டும் என்றால் அல்லிநகரத்துக்குள் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது. சந்து குறுகல்தான், கார் நுழையாது. ஆனால் சாக்கடை இருக்கிறது, குழாயில் தண்ணி வருகிறது. பத்திரத்தை வாங்கி வைத்திருக்கிறேன். வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போன் பண்ணுகிறேன். அதுவரை அந்த புரோக்கர் கூப்பிட்டால் அண்ணனைக் கேட்கணும் என்று என் தலையில் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்