வெயிலைச் சேமிக்கும் ஊர்

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உள்ள சிற்றூர் குவார்ட்சைட். கோடையில் வெறிச்சோடிக் கிடக்கும். குளிர்காலம் வந்தால், வடக்கின் பனிக்குத் தப்பி, டிரெய்லர் வீடுகளைக் காரில் கட்டி இழுத்தபடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிகிறார்கள். ஊருக்குத் தெற்கே, லா போசாவின் அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் செலுத்தித் தங்கலாம். மின் இணைப்பு மட்டும் கிடையாது.

எனவே அனுபவசாலிகள் கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுகிறார்கள். சிறிய 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 ஆம்பியர்-மணி. விளக்கு, விசிறி, தண்ணீர் பம்புக்கு 15. ஆக 55. ஆனால் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பாட்டரியைப் பாதிக்குமேல் காலிசெய்தால் அதன் ஆயுள் குறையும். ஒன்று போதாது, இரண்டு வைத்தால் 50 கிலோவைத் தாண்டும். சின்ன டிரெய்லர் தாங்குமா? லித்தியம் பாட்டரி விலை அதிகம். ஆனால் ஒன்றே 80 தரும். எடையும் பாதிக்குக் குறைவு. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் மட்டும் பழுதாகும். பாலைவனத்தின் சில விடியல்கள் அவ்வளவு குளிரானவை.

சார்ஜ் ஏற்றுவது சூரியத் தகடு. குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே செல்வதால், கூரையில் படுத்திருக்கும் தகடு சோம்பேறி. அதையே தெற்கு நோக்கிச் சாய்த்தால், 200 வாட் தகடு நல்ல வெயில் நாளில் அந்த 55ஐ ஈடுகட்டும். ஏ.சி. கேட்பவருக்கு ஜெனரேட்டர்தான் கதி. அக்கம்பக்கத்தின் முறைப்பு இலவசம்.

பாட்டரியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கணக்குப் போடுபவர்கள் இருட்டில்தான் போடவேண்டியிருக்கும்.