தட்டிப் பார்த்தல்

மண்பானை வாங்கப் போகிறவர் யாரும் அதை உடைத்துப் பார்த்து வாங்குவதில்லை. விரலை மடக்கி நாலு தட்டுத் தட்டுகிறார். கணீரென்றால் காசைக் கொடுக்கிறார், சொத்தென்றால் கீழே வைக்கிறார். வியன்னாவில் அவன்புருக்கர் என்ற வைத்தியர் நோயாளியின் மார்பைத் தட்டி நோயறியும் முறையை 1761-ல் புத்தகமாகவே எழுதினார். அவர் விடுதிக்காரர் மகன். மதுப் பீப்பாய்களின் நடுவே வளர்ந்தவருக்கு அந்த யோசனை தோன்றியதில் வியப்பென்ன?

ஒட்டுப் பலகைக்கும் அதே வைத்தியந்தான் என்பதை அருப்புக்கோட்டையில் கண்டேன். என் மூத்த அக்காள் வீட்டுக்காரர் நூற்பாலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில், திருச்சுழி போகும் சாலையில் ஒரு வீடு கட்டினார். இருபுறமும் சீமைக்கருவேலம், குண்டாற்றில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். அந்த வெக்கையில் மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். அதுவும் நீளவாட்டில் சுருங்காது, அகலவாட்டில்தான் சுருங்கும். ஒட்டுப் பலகையிலோ ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருக்கிறார்கள். ஓர் ஏடு இழுக்க, மற்றது மறுக்க, இடையில் அகப்பட்ட பசைதான் பாவம், பஞ்சாயத்துச் செய்யவேண்டும்.

கடையிலிருந்து ஒன்பது கதவுகள் வந்தன. ஆசாரி ஒவ்வொன்றையும் சாய்த்து வைத்து, உளிப்பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டு கதவுகளில் ஓசை மாறிய இடத்தைச் சாக்கட்டியால் வளைத்தார்.

"இங்கே ஒட்டலைங்க ஐயா. உள்ளே காத்து."

கடைக்காரர் வந்தார். "சத்தத்தை வச்சு நான் எப்படிங்க மாத்தித் தர்றது? அறுத்துப் பாருங்க, ஒட்டலைன்னா எடுத்துக்கிறேன். ஒட்டியிருந்தா அறுத்த கதவு உங்களுது."

"அண்ணாச்சி, பென்ஷன் வாங்குறவன்கிட்டே இது நியாயமா?" என்றார் அத்தான்.

கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆலையிலும் அப்படித்தான்: துண்டு வெட்டி, வேகவைத்து, கத்தியால் ஏட்டைப் பெயர்த்துப் பார்க்கிறார்கள். கப்பலுக்கான பலகையை 72 மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சோதித்த துண்டு நல்லதென்று தெரியும். நம் வீட்டுக்கு வருவது சோதிக்காத துண்டு!

பறக்கும் விமானத்தில் இந்தச் சங்கடம் எப்படியிருக்கும்? இரண்டாவது மகாயுத்தத்தில் மரத்தை ஒட்டிச் செய்த மாஸ்கிட்டோ விமானங்கள் இந்தியாவுக்கு வந்தன. 1944-ல் சில ஆகாயத்திலேயே இறக்கை பிரிந்து விழுந்தன. பரிசோதித்ததில் பசையிருக்கவேண்டிய இடத்தில் இடைவெளி தெரிந்தது. நம் வெயிலும் மழையும் காரணம் என்றார்கள் சிலர். தொழிற்சாலையில் சரியாகப் பொருத்தவில்லை என்றார்கள் வேறு சிலர். 2006 ஜனவரி 2-ந் தேதி ஜெர்மனியில் பாட் ரைஹன்ஹால் என்ற ஊரின் பனிச்சறுக்கு மண்டபக் கூரை இடிந்து 15 பேர் மாண்டனர். ஈரத்துக்கு ஆகாத யூரியாப் பசையால் ஒட்டிய உத்தரங்கள் அதற்கு ஒரு முக்கிய காரணம்.

இப்போது காதுக்கு எட்டாத ஒலியைப் பலகையின் ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. ஒலி மரத்தில் பாயும். நடுவே காற்றிடைவெளி மயிரிழை அளவு இருந்தாலும் பெரும்பங்கு திரும்பிவிடும். மறுபக்கத்தில் ஒலி மங்கிய இடமே ஒட்டாத இடம். ஆசாரியின் சாக்கட்டி வட்டத்தை இயந்திரம் படமாகப் போடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இயந்திரத்துக்கும் ஒரு கள்ளன் உண்டு. இரண்டு ஏடுகளும் பசையோடு நெருங்கித் தொட்டுக்கொண்டிருக்கும், பிடிப்பு மட்டும் இராது. இடைவெளி இல்லாததால் ஒலி தாராளமாகக் கடந்துவிடும். இடைவெளியைக் காணலாம், பிடிப்பின் பலத்தை, உடைக்காமல் உறுதியாக அளக்க இன்னும் நல்ல வழியில்லை.

கடைக்காரர் கடைசியில் தாமே கதவில் காதை வைத்தார். ஆசாரி வட்டத்துக்குள் ஒன்று, வெளியே ஒன்று தட்டினார். மூன்றாம் தட்டில் அண்ணாச்சி, "சரி, ரெண்டையும் வண்டியில ஏத்துங்க" என்றார்.

ஆசாரி இன்னொரு கதவையும் காட்டினார். அதன் ஓரத்தில் பசை மாவாக உதிர்ந்தது. தட்டினாலோ கணீரென்றது. "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் கடைக்காரர். ஆசாரி பதில் சொல்லவில்லை.

அந்தக் கதவு இப்போது பின்கட்டில் தொங்குகிறது. ஒரு ஐப்பசி மழையும் ஒரு சித்திரை வெயிலும் பார்த்துவிட்டது. கூலிப் பாக்கிக்கு வரும்போதெல்லாம் ஆசாரி, அக்காள் காப்பி கொண்டுவருவதற்குள், பின்கட்டுக்குப் போய் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறார்.