வெல்லத்தில் போன ஆடுகள்

போன டிசம்பர்ல, செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச மறுநாள், ஊருக்குப் போகாமல் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து சாயர்புரம். எங்க ஊர் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. சாயர்புரத்துக்கும் எனக்கும் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. ஒரு கடன் மட்டும் பாக்கி இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். குளங்கள் உடைந்து, தாமிரபரணி கரை தாண்டி, ஏரல் கடைத்தெருவே தண்ணிக்குள்ள போயிடுச்சு. நான் அப்ப செகண்ட் இயர். தண்ணி வடிந்த பிறகு காலேஜ் பசங்களோட அரிசி, போர்வை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போய் சாயர்புரத்தில் ஒரு ஹாலில் தங்கினோம். மலையில் எவ்வளவு பெய்தாலும் தண்ணி கீழே ஓடிடும். தண்ணி நாள்கணக்கில் வீட்டுக்குள்ள நிற்கும்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சது.

ராத்திரி ஹாலில் படுத்திருந்தபோது உள்ளூர் அண்ணன் ஒருத்தர் சொன்னார்: "தம்பி, ஜி.யு. போப் செமினரி நடத்துன ஊரு இது." போப்னா எனக்குத் திருக்குறளை இங்கிலீஷ்ல எழுதினவர், அவ்வளவுதான். ரெண்டு மார்க் கேள்வி.

மறுநாள் ஏரல் பக்கம் ஒரு கிராமம். ஒரு ஆச்சி என் கையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, "எய்யா, நாலு ஆடும் போயிட்டு. ஒரு மனு எழுதித் தாயேன்" என்றார். ஆட்டுக்கு 4,000 ரூபாய் நிவாரணம்னு அறிவிச்சிருந்தாங்க. மனுதானே என்று உட்கார்ந்தேன். ஆறாவதில் இருந்து ஹாஸ்டல், இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு மனப்பாடப் பாட்டும் பாஸ் மார்க்கும்தான். "பெறுநர்" எழுதவே அஞ்சு நிமிஷம் யோசிச்சேன். கடைசியில் எழுதி முடித்து, பெருமையா வாசிக்கக் கொடுத்தேன்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி வாங்கிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "ஆச்சி, நம்ம ஆடெல்லாம் வெல்லத்துல போயிட்டாம்!"

வெள்ளத்தில் என்று எழுத வேண்டியதை வெல்லத்தில் என்று எழுதியிருந்தேன். வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேறு, அடுப்பு இல்ல, அரிசி இல்ல. அப்படியும் ஆச்சி சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. மூணு லாங்குவேஜ்ல கோடிங் எழுதுறவனுக்கு நாலு ஆட்டுக்கு ஒரு மனு எழுத வரல. அந்தப் பொண்ணு என் பேனாவை வாங்கி, தரையில் உட்கார்ந்து, பத்தே நிமிஷத்தில் எழுதிட்டா.

திரும்பி வந்த பிறகு போப்பைப் பற்றித் தேடிப் படிச்சேன். கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். 1839-இல் மெட்ராஸ் வந்து இறங்கும்போது வயசு 19. நான் அந்த மனுவை எழுதினபோது இருந்த அதே வயசு! 1840-களில் சாயர்புரத்தில் செமினரி தொடங்கி, உள்ளூர்ப் பசங்களை உபதேசியார்களாகவும் வாத்தியார்களாகவும் உருவாக்கப் பார்த்தார். பனங்காட்டு ஊரில் லத்தீன், எபிரேயம், கணிதம், தத்துவம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ரொம்பக் கண்டிப்பு, பிரம்புக்குப் பேர்போனவர். ஆக, பசங்களுக்கு அது சுகமான இடமா இருந்திருக்காது. ஆனா வாத்தியாரும் அங்கே மாணவன்தான். ஊர்க்காரங்க பேசுறது புரியலன்னா அவருக்கு அங்க வேலையே இல்ல. அப்படிப் படிக்கத் தொடங்கினவர் குறளை மொழிபெயர்த்து வெளியிட்டது 1886-இல், திருவாசகத்தை 1900-இல், 80 வயசில்.

அவர் கல்லறையில் "தமிழ் மாணவன்" என்று எழுதியிருக்கு என்று ஸ்கூலில் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் இருக்கு. எனக்கு அதுதான் இன்னும் பெரிசாத் தெரியுது.

இந்த முறை சாயர்புரத்தில் இறங்கினதும் போப் பெயரில் இருக்கும் பள்ளி, கல்லூரிப் பக்கம் ஒரு சுற்று நடந்தேன். செமினரி பிறகு கல்லூரியாகி, கால்டுவெல் காலத்தில் 1883-இல் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. ஆனாலும் படிப்பு இந்த ஊரை விட்டுப் போகல. சாயங்காலம் மணி அடிச்சதும் யூனிஃபார்ம் பிள்ளைகள் கூட்டமா வெளியே வந்தாங்க. அதில் பாதிப் பேர் வீட்டுக்குள்ள அந்த டிசம்பரில் தண்ணி வந்திருக்கும்.

கிராமத்துக்குப் போனேன். வாழை மறுபடியும் நிற்குது. வீட்டுக்குப் புது ஷீட் போட்டிருக்காங்க. வெள்ளை அடிச்ச சுவரில் தண்ணி நின்ன கோடு மட்டும் மங்கலா இன்னும் தெரியுது. ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாங்க. "ஏட்டி, வெல்லத்தம்பி வந்திருக்கான் பாரு!" என்னை அந்த வீட்டில் இரண்டு வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வந்ததாம். ஆட்டுக்குக் காசு வரல. "செத்த ஆட்டைக் காட்டணுமாம்யா. ஆத்தோட போனத எங்க போய்க் காட்ட?" மனுவில் எழுத்துப்பிழையே இல்ல. அப்படியும் வரல. அதைக் கேட்டபோது எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. கடன் வாங்கி ரெண்டு குட்டி வாங்கியிருக்காங்க. பேத்தி இப்போ ஒன்பதாவது. தெருவில் யாருக்கு மனு எழுதணும்னாலும் அவகிட்டதான் வர்றாங்களாம்.

"அண்ணா, இப்பவாச்சும் எழுத வருமா?" என்று கேட்டாள். நோட்டை நீட்டி, "வெள்ளம்னு எழுதுங்க பார்ப்போம்." எழுதினேன். டிக் அடிச்சா.

அங்கிருந்து நேரா ஊருக்குத்தான் வந்தேன். எங்க அம்மா எந்த மனுவுக்கும் மலை இறங்கி, ஆபீஸ் வாசலில் எழுதிக் கொடுப்பவருக்குக் காசு கொடுத்துதான் எழுதுவாங்க. ஹாஸ்டல் கட்டணம் கட்டிப் படிக்க வைத்த மகன் வீட்டில் இருக்கும்போதும் அப்படித்தான். ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு வராதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்த முறை நிலத்துப் பட்டாவுக்கான மனுவை நானே எழுதினேன். மூணு தாள் கிழிச்ச பிறகு நாலாவது தேறுச்சு. நெல்லிவாசல்நாட்டில் மூணு 'ல' வருது. மூணும் சின்ன 'ல'தானான்னு ஒரு தடவை சரிபார்த்துக்கிட்டேன். அப்புறம் போட்டோ எடுத்து, அந்தப் பொண்ணோட வீட்டு நம்பருக்கு அனுப்பினேன்.

ரெண்டு பிழை வட்டம் போட்டு திரும்பி வந்துச்சு.