வாலில் எழுதிய பெயர்

வங்கி ஊழியர் சங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் காலை கிளைக்குள் நுழைந்தால், கேஷியரிலிருந்து தபால் எடுத்து வருபவர் வரை ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எத்தனை பர்சென்ட் சார்?" நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது. எந்த ஒப்பந்தம் கையில் கிடைத்தாலும் சம்பளப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, 'இந்த வேலையை யார் செய்யவேண்டும்' என்று எழுதியிருக்கும் இடத்தைத்தான் முதலில் தேடுவேன். பல ஒப்பந்தங்களில் அப்படி ஒரு இடமே இருக்காது.

அமெரிக்க விமானிகளின் ஒப்பந்தங்களில் இருக்கிறது. பெரும்பாலும் முதல் அத்தியாயமே அதுதான். 'ஸ்கோப்' என்கிறார்கள். கம்பெனியின் பெயரில் பறக்கும் விமானத்தைக் கம்பெனியின் சீனியாரிட்டி பட்டியலில் உள்ள விமானிதான் ஓட்டவேண்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு விதிவிலக்குகள் வரும். எத்தனை இருக்கை வரை, எவ்வளவு எடை வரை, எத்தனை விமானம் வரை வெளியாளுக்குக் கொடுக்கலாம் என்று பக்கம் பக்கமாகப் போகும். சண்டையெல்லாம் அந்த விதிவிலக்குகளில்தான்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால் இப்படி. அரசு விரைவுப் பேருந்துக்கு டிக்கெட் எடுக்கிறீர்கள். வண்டியில் அதே வண்ணம், அதே முத்திரை. ஆனால் டிரைவரும் கண்டக்டரும் வேறொரு முதலாளியின் ஆட்கள், பாதிச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள். டிக்கெட்டின் மூலையில் பொடி எழுத்தில் அந்த முதலாளியின் பெயர் இருக்கும். அமெரிக்காவில் உள்நாட்டு விமானப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதி ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்தது.

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது 1997 பிப்ரவரியில். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஒன்பதாயிரம் பேருக்கு மேல். அதுவரை சின்ன ஊர்களுக்கு விசிறி வைத்த குட்டி விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றிப் பெரிய விமானிகளுக்குக் கவலை இல்லை. சின்ன ஜெட் விமானங்கள் சந்தைக்கு வந்தபோதுதான் கதை மாறியது. அவற்றை 'அமெரிக்கன் ஈகிள்' என்ற துணைக் கம்பெனியின் ஆட்களை வைத்துக் குறைந்த சம்பளத்தில் ஓட்ட நினைத்தார் தலைவர் ராபர்ட் கிராண்டல். ஜெட் என்றால் எங்கள் வேலை என்றார்கள் விமானிகள். தலைவர்கள் பேசி முடித்த ஒரு வரைவு ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

அங்கே வேலைநிறுத்தம் செய்வது லேசில்லை. 1926-இல் ரயில்வேக்காக எழுதிய சட்டத்தை 1936-இல் விமானக் கம்பெனிகளுக்கும் நீட்டினார்கள். அதன்படி ஒப்பந்தத்துக்குக் காலாவதி என்பதே கிடையாது. தேதி வந்தால் 'திருத்தத்துக்கு உரியது' ஆகும், அவ்வளவுதான். புது ஒப்பந்தம் வரும்வரை பழையதே ஓடும். நம் ஒப்பந்தங்கள் இழுத்தடிப்பதைப் பார்த்து நொந்தவர்கள் அதைப் பார்த்தால் ஆறுதல் அடையலாம். சமரச வாரியம் கைவிரித்து, அதற்குப் பிறகு 30 நாள் பொறுத்து, அப்புறம்தான் நிறுத்தம். பிப்ரவரி 15 நள்ளிரவு நிறுத்தம் தொடங்கியது. 24 நிமிஷத்தில் அதிபர் கிளின்டன் தலையிட்டு நிறுத்திவைத்தார். வாயிற்கூட்டத்தில் ஒருவர் பேசி முடிக்கக்கூட அது போதாது.

பிறகு வந்த உடன்பாட்டில் விமானிகளுக்குச் சம்பள உயர்வு கிடைத்தது, கம்பெனிப் பங்குகளும் சலுகை விலையில் கிடைத்தன. சின்ன ஜெட் ஒரு எல்லைக்கு உட்பட்டு ஈகிள் ஆட்களிடமே போனது. கை நிறைய வாங்கிக்கொண்டு கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள் என்று நான் படிக்கிறேன். மற்றக் கம்பெனிகளிலும் அந்தப் பத்து வருஷத்தில் இதேபோல்தான் நடந்தது.

2001 செப்டம்பருக்குப் பிறகு பேரம் பேசும் நிலைமையே இல்லை. யுனைடெட், டெல்டா என்று வரிசையாகத் திவால் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2004-இல் டெல்டா விமானிகள் 32.5 சதவீதச் சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். யுனைடெட் விமானிகளின் பென்ஷன் திட்டமே மூடப்பட்டது. அந்த நெருக்கடியில் ஸ்கோப் எல்லையும் தளர்ந்தது. 50 இருக்கை 70 ஆனது, 70 இருக்கை 76 ஆனது. பெரிய விமானிகள் இழந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த 76 இருக்கை விமானத்தின் முன் அறையில் உட்கார்ந்த இளைஞன் என்ன வாங்கினான் என்பதை அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

எனக்கு அப்படி ஒருவனைப் பார்க்கக் கிடைத்தது. 2015-இல் மகள் வீட்டுக்கு, இலினாய் மாநிலத்துப் பியோரியாவுக்குப் போனோம். சிகாகோவில் இறங்கி மாறவேண்டும். 50 பேர் ஏறும் விமானம். ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறு பக்கம் இரட்டை. வாலில் பெரிய கம்பெனியின் பெயர். மனைவி ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து உடனே கண்ணை மூடிவிட்டாள். என் பக்கத்தில் சீருடையோடு ஒரு பையன், முப்பது வயதுக்குள். ஓட்டவில்லை, பயணியாக வருகிறான். வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். பணி மையம் சிகாகோ, வீடு பியோரியாவுக்குப் பக்கம். சிகாகோவில் எங்கே தங்குவாய் என்று கேட்டேன். ஏழெட்டு விமானிகள் சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட் எடுத்து, ஆளுக்கொரு கட்டில் போட்டிருக்கிறார்களாம். திருவல்லிக்கேணி மேன்ஷன்தான், வேறென்ன.

"பெரிய கம்பெனியில் சேரவேண்டியதுதானே?" என்றேன். சேரலாம், ஆனால் அங்கே போனால் கடைசி ஆள் என்றான். இங்கே பத்து வருஷம் கேப்டனாக இருந்தாலும் அங்கே சீனியாரிட்டி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனே சொன்னான், சிரித்துக்கொண்டு. படிப்புக்கும் பயிற்சிக்கும் வாங்கிய கடனின் மாதத் தவணையையும் சொன்னான். "பஃபலோவுக்குப் பிறகு இது எவ்வளவோ தேவலை" என்று சேர்த்துக்கொண்டான்.

பஃபலோ என்றால் 2009 பிப்ரவரி 12. நியூவர்க்கிலிருந்து போன கோல்கன் ஏர் விமானம், பஃபலோ அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் போனார்கள். டிக்கெட் விற்ற பெயர் கான்டினென்டல். துணை விமானிக்கு 24 வயது, ஆண்டு வருமானம் 25 ஆயிரம் டாலருக்குள். சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து முந்தின இரவு சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு, நாட்டின் மறுகோடியிலிருந்து வேலைக்கு வந்திருந்தார். விமானம் வேகம் குறைந்து எச்சரிக்கை கொடுத்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்பது விசாரணை முடிவு. களைப்பும் இருந்திருக்கும், எவ்வளவு பங்கு என்று அளக்க முடியவில்லை என்றார்கள். சம்பளம் குறைவு என்பதால் விமானம் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவுப் பயணம் ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால், சம்பளச் சீட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது.

இறந்தவர்களின் குடும்பத்தார் வாஷிங்டனில் படியேறி இறங்கி 2010-இல் ஒரு சட்டம் கொண்டுவரச் செய்தார்கள். துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயம் என்ற விதி 2013-இல் வந்தது. உண்மையில் அந்த விமானத்தில் இருந்த இருவருக்குமே அதற்கு மேல் அனுபவம் இருந்தது என்பது வேடிக்கை. டிக்கெட் விற்கும்போதே ஓட்டுகிற கம்பெனி எது என்று தெளிவாகக் காட்டவேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வங்கியில் காவலும், ஏ.டி.எம்.முக்குப் பணம் ஏற்றும் வேலையும் காண்ட்ராக்டுக்குப் போனபோது கமிட்டியில் நான் எதிர்த்துப் பேசினேன். "பர்மனென்ட் ஆளுக்குப் பாதகமில்லையே தோழர்" என்றார் ஒரு மூத்த தலைவர். தீர்மானம் நிறைவேறியது. அந்த வருஷ உயர்வும் நல்ல உயர்வுதான். அமெரிக்கச் சங்கங்களும் ஏறக்குறைய அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் ஒவ்வொரு வரிசை இருக்கையாக விட்டுக்கொடுத்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

மிச்சம் இருந்ததை மட்டும் பிற்பாடு இறுகப் பிடித்துக்கொண்டார்கள். 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை; அதற்கு மேல் ஒரு பவுண்டும் கிடையாது. பிரேசிலின் எம்ப்ரேயர் கம்பெனி புது எஞ்சின் வைத்து ஒரு விமானம் செய்தது. எஞ்சின் கனம் கூடி எல்லையைத் தாண்டிவிட்டது. அமெரிக்கத் துணைக் கம்பெனி ஒன்றாலும் வாங்க முடியாமல், 2022-இல் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். யுனைடெட் இன்னும் ஒரு படி மேலே போனது. 70 இருக்கை விமானத்தில் இருக்கைகளைப் பிடுங்கி 50 ஆக்கி, காலியான இடத்தில் பெட்டி வைக்க அலமாரி அடித்தது. ஒப்பந்தத்தில் 50 என்று இருக்கிறதே!

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "மாமா, பெரிய விமானிங்க சம்பளத்துல ஓட்டினா பியோரியாவுக்கு விமானமே வராது. நீங்க சிகாகோவுல இறங்கி மூணு மணி நேரம் கார்லதான் வரணும்" என்பார். அவர் கணக்கில் தப்பில்லை. சின்ன ஊர்களுக்கு அந்த மலிவான ஆள்பலம்தான் சேவையைக் கொடுத்தது.

ஆனால் கொரோனாவுக்குப் பிறகு விமானிகளுக்குப் பஞ்சம் வந்தது. டெல்டா விமானிகள் 2023-இல் நான்கு வருஷத்துக்கு 34 சதவீதம் வாங்கினார்கள். அதற்கு முந்தின வருஷமே, எந்தச் சட்டமும் சங்கமும் செய்யாததை ஆள் பற்றாக்குறை செய்துவிட்டது. அமெரிக்கனின் துணைக் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர். சில சின்ன ஊர்களுக்குச் சேவை நின்றுபோனது உண்மை. பியோரியா விமானம் பறந்துகொண்டுதான் இருக்கிறது. டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று போனில் புலம்பினார் மாப்பிள்ளை. ஏறட்டும் மாப்பிள்ளை, என்றேன்.